ஐந்தடி மணல்: உச்சிப்புளிக் கரையில் ஒரு வேலித் தகராறு

இரண்டு ஆண்டுகள் நீடித்த எங்கள் வேலித் தகராறை, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். நாங்கள் செய்த தவறுகளும் இதில் உண்டு. ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமாவும் எங்கள் அம்மாவும் இன்னும் அதே மண்ணில்தான் அடுத்தடுத்து இருக்கிறார்கள்.

உச்சிப்புளியிலிருந்து கிழக்கே மண்டபம் போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ராமேசுவரம் போகும் ரயில் பாதை. எங்கள் தோட்டம் பாதைக்குத் தெற்கே, வளைகுடாப் பக்கம் இருக்கிறது. 1968இல் தாத்தா கிரயம் வாங்கிய 80 சென்ட். தென்னை ஐம்பத்துச் சொச்சம், வடகோடியில் மல்லிகைப் பதியன் பாத்திகள், தென்கோடியில் கிணறு. மேற்கே மாமாவின் தோப்பு, ஒன்றரை ஏக்கர் இருக்கும். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிடுவார், அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார், அதனால் எனக்கும் தம்பிக்கும் அவர் மாமா.

அப்பா 2019இல் இறந்துபோனார். நான் மதுரையில், தம்பி சவூதியில். அம்மா தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். 2022 ஐப்பசியில் ஒருநாள் காலை அம்மா போன் செய்தார்.

"மேற்கு வேலி உள்ள வந்திருச்சுப்பா. அண்ணன் கல்தூணு நட்டிருக்காரு. கிணத்துப் பக்கத்துல வந்து நிக்கிது."

அந்த வார இறுதியில் போய்ப் பார்த்தேன். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் தாத்தா காலத்துக் கிளுவை வேலி உண்டு. அதன் தென்பாதியைப் பிடுங்கிவிட்டு, பதினாறு கல்தூண் நட்டு, நான்கு வரிசை முள்கம்பி இழுத்திருந்தார் மாமா. வடபாதியில் பழைய கிளுவை அப்படியே நின்றது. வேலிக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவே முன்பு ஒரு மாட்டுவண்டி திரும்பலாம். இப்போது தேங்காய்ச் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கவாட்டில்தான் போக முடியும்.

கேட்டதற்கு மாமா ஒரே வார்த்தைதான் சொன்னார். "இருந்த இடத்துலதான் நட்டிருக்கேன்."

முதல் இரண்டு மாதத்தில் நாங்கள் செய்தது எல்லாமே தவறு. தம்பி சவூதியிலிருந்து மாமாவுக்குப் போன் செய்து, கோபத்தில் "நீ" என்று பேசிவிட்டான். எழுபது வயது ஆளை, தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலுக்குக் கூட்டிப்போன ஆளை, "நீ யாரு எங்க இடத்துல கல்லு நட" என்று கேட்டுவிட்டான். அடுத்த ஓராண்டுக்கு மேல் மாமா எந்தப் பேச்சுக்கும் வராமல் போனதற்கு அந்த ஒரு சொல் பாதிக் காரணம். மீதிக்கு நான் பொறுப்பு. காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். மனு ரசீது தந்தார்கள், இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், "இது சிவில் விவகாரம், அளந்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். எல்லை எது என்று தீர்மானிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஊரார் பார்க்க ஸ்டேஷன் படி ஏறியதை மாமா மறக்கவில்லை. ஒரு வாரத்தில் அவர் தோப்பு வழியாகக் கடற்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் சீமைக் கருவேல முள்ளைக் கட்டுக்கட்டாக வெட்டிப் போட்டு அடைத்தார். அம்மா நாற்பது வருடமாக நடந்த பாதை அது. மீன் வாங்கக்கூட ரோட்டைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

முதலில் நான் ஒரு தேங்காய்க் குலையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அவர் திண்ணையில் உட்கார்ந்து, "என்ன மாமா, என்ன மனசுல இருக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் பதில் அன்றைக்கே கிடைத்திருக்கும். அது பிறகு வருகிறது.

காகிதம் சொன்னது

பிறகுதான் பத்திரத்தை எடுத்தேன். 1968 கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதி, "கிழமேல் அடி 132, தென்வடல் அடி 264" என்று அளவும் போட்டிருந்தது. பெருக்கினால் 34,848 சதுர அடி. சென்டுக்கு 435.6 சதுர அடி என்று வகுத்தால் சரியாக 80 சென்ட். நில அளவைச் சங்கிலி ஒன்று 66 அடி நீளம். அப்படிப் பார்த்தால் எங்கள் தோட்டம் குறுக்கே இரண்டு சங்கிலி, நெடுக நான்கு சங்கிலி. வாங்கிய காலத்தில் யாரோ சங்கிலி பிடித்து ஒழுங்காக அளந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்தது. பட்டாவில் 0.32.50 ஹெக்டேர், அதாவது 80.3 சென்ட். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் சண்டை இல்லை.

மேற்கு எல்லையைப் பத்திரம் இப்படிச் சொன்னது: இன்னார் தோப்பு எல்லைப் பனைக்குக் கிழக்கு. அந்தப் பனை இன்னும் நிற்கிறது, வடகோடியில் வண்டிப்பாதை ஓரமாக. இந்த வரி எங்களுக்குப் பெரிய துணை. பனை மற்ற மரம்போல ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போவதில்லை. பக்கக் கன்று விடாது, வேர்விட்டுப் பக்கத்தில் பரவாது. நட்ட இடத்தில் நூறு வருடம் நிற்கும். பழைய ஆட்கள் எல்லைக்குப் பனையைத் தேர்ந்தெடுத்ததற்கு இது போதுமான காரணம்.

கிளுவை அப்படியில்லை. இந்தக் கரையில் வேலி என்றால் பனைமட்டை, ஒடை முள், கிளுவை இவைதான். கிளுவைதான் உயிர்வேலி. ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் மணிக்கட்டுப் பருமன் போத்துகளை, அதாவது கிளைத்துண்டுகளை, வெட்டி ஓர் அடி ஆழத்தில் ஊன்றினால் துளிர்த்துவிடும். ஆனால் எல்லாப் போத்தும் பிடிக்காது. விழுந்த இடத்தை அடைக்க அடுத்த மழையில் புதிதாக ஊன்றுவார்கள். பழைய கட்டை, வேர், முள் கிடக்கும் அதே குழியில் யாரும் ஊன்ற மாட்டார்கள், சற்றுத் தள்ளித்தான் ஊன்றுவார்கள். எவர் ஊன்றுகிறாரோ, அவர் பக்கத்தில் இடம் விட்டு அடுத்தவர் பக்கம்தான் தள்ளுவார். அதில் திருட்டு எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை, கை அப்படித்தான் போகும். இதோடு சோழகக் காற்றும் சேர்கிறது. ஆனி, ஆடியில் தெற்கிலிருந்து வரும் காற்று மணலை அள்ளிவந்து வேலியடியில் குவிக்கும். மேட்டில் நின்ற போத்து சாயும், சாய்ந்த பக்கத்தில் புதுப் போத்து வரும். இப்படி ஐம்பது வருடம் போனால் வேலி எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. "இருந்த இடத்துலதான் நட்டிருக்கேன்" என்று மாமா சொன்னது முழுப் பொய் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு அளவை

2023 தொடக்கத்தில், நிலத்தை அளந்து அத்து (எல்லை) காட்டும்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, சலானில் கட்டணம் கட்டினேன். இப்போது இந்த மனுவை இணையத்திலேயே போடலாம், பொது சேவை மையத்திலும் போடலாம். பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) இரண்டையும் இணையத்தில் பார்த்துப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அந்தப் புலப்படத்தை வைத்துக்கொண்டு தோட்டத்தில் ஒருதடவை நடந்து பாருங்கள். எந்த மூலையில் கல் இருக்க வேண்டும், எங்கே மறைந்திருக்கிறது என்று ஓரளவு பிடிபடும்.

முதல் அளவை சித்திரையில். அளவர் வந்தார், டேப்பை விரித்தார். மாமா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "எனக்கு நோட்டீசு வரல, என் நெலத்துல கால வைக்கக் கூடாது" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். எல்லை இரண்டு பேருக்கும் பொது. ஒருவர் பணம் கட்டினார் என்பதற்காக மற்றவருக்குத் தெரியாமல் அளந்தால், அந்த அளவுக்கு நாளைக்கு எந்த மதிப்பும் இருக்காது. அளவர் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நான்கு மாதம் போயிற்று.

ஆவணியில் இரண்டாம் அளவை. இந்த முறை பக்கத்து நிலத்தார் எல்லோருக்கும் முறையாக அறிவிப்பு போயிருந்தது. கிராம நிர்வாக அலுவலரும் வந்தார். மாமா வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார், வாய் திறக்கவில்லை.

வண்டிப்பாதை ஓரத்து வடகிழக்குக் கல் கண்ணுக்குத் தெரிந்தது. வடமேற்குக் கல் எல்லைப் பனைக்கு ஓர் எட்டுத் தள்ளி, பதியன் பாத்திக்குள் இருந்தது. அங்கேதான் எனக்கு முதல் அடி. கல் எங்கள் பக்கம் இருந்தது. வேலி கல்லைத் தாண்டி இரண்டடி மேற்கே, மாமாவின் நிலத்தில் நின்றது. பாத்திக்கு நிழல்பந்தல் போட்டபோது எங்கள் பக்கத்து ஆட்கள் கிளுவையை மேற்கே தள்ளி ஊன்றியிருக்கிறார்கள். இரண்டடிப் பதியன் பாத்தி மாமாவின் மண்ணில் இருந்தது.

தென்மேற்கு மூலையில் கல்லே இல்லை. மணல்தான் மேடாகக் கிடந்தது. அளவர் மற்ற மூன்று கல்லிலிருந்து புலப்படத்து அளவுகளை வைத்து ஓரிடம் குறித்து, "இங்க கடப்பாரை போடுங்க" என்றார். இரண்டடி தோண்டியும் ஒன்றும் இல்லை. இன்னும் அரையடி இறங்கியதும் கடப்பாரை கல்லில் மோதும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மாமா எழுந்து வந்துவிட்டார். கல்லைச் சுற்றி மண்ணை விலக்கியபோது, அது புதிய கம்பி வேலிக்கு ஐந்தடி மேற்கே இருந்தது.

கணக்குப் போட்டால், தெற்கே ஐந்தடி எங்கள் நிலம் அவர் பக்கம், வடக்கே இரண்டடி அவர் நிலம் எங்கள் பக்கம். நடுவில் ஓரிடத்தில் வேலியும் எல்லையும் வெட்டிக்கொள்கின்றன. இரண்டு முக்கோணம். எங்களுடையது 471 சதுர அடி, ஒரு சென்டுக்குச் சற்று மேல். அவருடையது 75 சதுர அடி, கால் சென்டுக்கும் குறைவு.

தோண்டிய இடத்தில் இன்னொன்றும் கிடைத்தது. புதிய தூண்களுக்கு இரண்டடி மேற்கே, மணலுக்கடியில் மக்கிய கிளுவைக் கட்டைகள் வரிசையாக. மாமா பிடுங்கிய பழைய வேலி நின்ற இடம் அது. அதுவே எல்லைக்கல்லிலிருந்து மூன்றடி எங்கள் பக்கம் வந்திருந்தது. ஆக, ஐந்தடியில் மூன்றடியைக் காலமும் காற்றும் செய்தன. இரண்டடியை மாமா செய்தார். இதைப் பார்த்த பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போயிற்று. மீதிப் பாதி போகவில்லை. அந்த இரண்டடி அறியாமல் வந்தது அல்ல.

அளவர் எழுதிய வாக்குமூலத்தில் மாமா கையெழுத்துப் போட மறுத்தார். "கல்லு நகந்திருக்கும்" என்றார். அப்படி நினைத்தால் கட்டணம் கட்டி மேல் அலுவலரிடம் மறு அளவை கேட்கலாம் என்று அளவர் சொன்னார். மாமா கேட்கவில்லை.

இங்கே பலர் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அளவர் வந்து கல் காட்டிவிட்டால் வேலையும் முடிந்தது என்று நினைப்பார்கள். அளவர் எல்லையைக் காட்டுவார், அவ்வளவுதான். நிற்கும் வேலியைப் பிடுங்க அவருக்கு அதிகாரம் இல்லை, நமக்கும் இல்லை. ஒத்துவராதவரை வெளியேற்ற வேண்டும் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அதேபோல, அரசு நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவில் அதற்கு ஓராண்டு வரை சிறை இருந்தது. புதிய சட்டத்திலும் அது குற்றம்தான். தம்பி போனில் "கம்பியை அறுத்து எறிஞ்சிரு" என்றபோது, ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன்.

அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, 12 ஆண்டுக் கணக்கு. அடுத்தவர் நிலத்தை அவருக்கு எதிராக, வெளிப்படையாக, விடாமல் 12 ஆண்டு அனுபவித்தவர் எதிரிடை அனுபவம் என்று உரிமை கோரலாம். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. புதிய இரண்டடிக்கு மாமா அப்படிக் கேட்க முடியாது, ஓராண்டுகூட ஆகவில்லை. பழைய மூன்றடிக்கு வேண்டுமானால் வாதாடலாம். ஆனால் எந்த நாளிலிருந்து, எப்படி எதிராக அனுபவித்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. வேலி தானாக நகர்ந்ததை அப்படி நிரூபிப்பது சுலபம் இல்லை. "ஆனா நீங்க தூங்கிட்டிருந்தா அவருக்குச் சுலபம் ஆயிரும்" என்றார்.

இரண்டாவது, வழக்கின் நீளம். நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும், அவர் அளவரோடு வந்து மறுபடி அளப்பார், அறிக்கை, ஆட்சேபணை, சாட்சி, மேல்முறையீடு. "ஒரு சென்ட் மணலுக்கு உங்க அம்மா எத்தனை வாய்தா வரணும்னு யோசிச்சுக்கங்க" என்று சொல்லி, தபாலில் நோட்டீசு மட்டும் அனுப்பிவைத்தார். மாமா அதை வாங்கவில்லை, திரும்பி வந்தது.

கிணறு

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் தேங்காய் வியாபாரி காக்கா. காக்கா என்றால் இந்தக் கரை முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். 45 நாளைக்கு ஒருமுறை இரண்டு தோப்பிலும் அவர் ஆட்கள்தான் வெட்டு. இரண்டு பேர் கணக்கும் அவர் நோட்டில் இருக்கிறது. 2023 கார்த்திகையில் எங்கள் வெட்டு முடிந்து காய் எண்ணிக்கொண்டிருந்தவர், அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"அக்கா, பெரியவர் தோப்புல வெட்டுக்கு 900 காய் எறங்கும். இப்ப 500 தேறல. கெணறு கரிச்சுப் போச்சுங்குறாரு. உங்க மோட்டாரத்தான் சொல்றாரு."

அம்மா எனக்குப் போன் செய்தபோது, ஒரு வருடமாகக் கண் எதிரில் இருந்ததை நான் பார்க்கவில்லை என்று புரிந்தது. மாமா கம்பி வேலியை 264 அடிக்கும் போடவில்லை. தென்பாதியில் மட்டும்தான், கிணற்றை ஒட்டித்தான் போட்டிருந்தார். அவருக்கு வேண்டியது மண் இல்லை.

இந்தக் கரையின் தண்ணீரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மணலுக்கடியில் இருக்கும் நல்ல தண்ணீர், கடல் உப்புநீரின்மேல் மிதக்கிறது. மழைநீர் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் ஆடைபோல நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு பல அடி ஏறிவரும். வாளியால் இறைத்தால் ஊற்று தாங்கும். மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் முதலில் அந்தக் கிணறும் அப்புறம் பக்கத்துக் கிணறும் கரிக்கும். மாமாவின் கிணறு எங்கள் கிணற்றுக்கு நாற்பதடியில் இருக்கிறது, எங்களுடையதைவிடக் கடலுக்குப் பக்கம்.

2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் அப்பாவும் மாமாவும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசி, இரண்டு பேரும் மோட்டார் போடுவதில்லை என்று வார்த்தை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அப்பா 2019இல் போனார். 2020இல் பதியன் போடுபவருக்கு அம்மா பாத்தியைக் குத்தகைக்கு விட்டபோது, அவர் ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் வைத்தார். அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. மாமாவோ, தெரிந்தே மீறினார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

காக்காவையும் ஊர்ப் பள்ளியில் இருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு 2024 தை மாதம் மாமா வீட்டுக்குப் போனேன். தம்பி லீவில் வந்திருந்தான். அவன்தான் முதலில் பேசினான். "மாமா, அன்னைக்கு மரியாதை இல்லாமப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க."

மாமா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்ளே, ஒங்க அப்பன் என் கையப் புடிச்சுச் சொன்னான். அவன் போனதும் அந்த வார்த்தையும் போச்சுன்னு நெனச்சேன். கெணத்தை மறிச்சாத்தான் நீங்க வருவீகன்னு கல்ல நட்டேன்."

"எங்களுக்குத் தெரியாது மாமா. அம்மாவுக்கும் தெரியாது."

"கேக்க வேண்டியதுதான?"

"நீங்களும் சொல்லியிருக்கலாம்ல மாமா."

இதற்குமேல் அன்றைக்கு எல்லையைப் பற்றி யாரும் பேசவில்லை. காப்பி வந்தது.

காய் குறைந்ததற்கு எங்கள் மோட்டார் மட்டுமே காரணம் ஆகாது. தென்னையைச் சுருள் வெள்ளை ஈ தாக்கத் தொடங்கியதும் 2016 முதல்தான். வறட்சியின் பாதிப்பும் தென்னையில் உடனே தெரியாது, பிந்தித்தான் காயில் தெரியும். ஆனால் கிணறு கரித்ததில் எங்கள் பங்கு இருக்கிறது. அதை வாத்தியார் முன்னால் ஒத்துக்கொண்டேன். அதைச் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்செல்லாம் நகர்ந்தது.

எழுதிக்கொண்டது

பேசி முடித்ததை எழுதிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எழுதாத வார்த்தை என்ன செய்யும் என்று இரண்டு குடும்பமும் பார்த்தாயிற்று. வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பதிந்தோம். கட்டணம் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி அங்கே பதியும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. நாளைக்கு எங்கள் பிள்ளைகள் காலத்திலும் செல்லும்.

வேலி, அளவர் காட்டிய கல்லுக்கே திரும்பும், இரண்டு முனையிலும். யார் நிலமும் கைமாறவில்லை என்பதால் தனிப் பத்திரம் தேவைப்படவில்லை. ஒருவேளை, "இப்ப நிக்கிற வேலியே எல்லையா இருக்கட்டும்" என்று முடிவு செய்திருந்தால் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் நிலம் மாறாது. வேலிச் செலவு ஆளுக்குப் பாதி. எல்லைக் கோட்டில் கல்தூணும் கம்பியும் மட்டும். கிளுவை வேண்டுமென்றால் அவரவர் பக்கத்தில் ஒன்றரை அடி உள்ளே தள்ளி ஊன்றிக்கொள்ள வேண்டும். கடற்கரைப் பாதையை மாமா திறந்துவிடுவார்.

எல்லைப் பனையை வெட்ட வேண்டும் என்று மாமா முதலில் கேட்டார், மட்டை விழுந்து கம்பி அறுகிறது என்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்திருப்பதை வாத்தியார் எடுத்துச் சொன்னார். எனக்கோ அனுமதி கிடைத்தாலும் அதை வெட்ட மனமில்லை. 1968 பத்திரத்தில் எழுதப்பட்டவர்களில் இன்னும் உயிரோடு நிற்பது அது ஒன்றுதான். பனையிடத்தில் கம்பியை நிறுத்தி, மரத்தையே தூணாக விட்டுவிட்டோம். ஆணி அடிக்கவில்லை.

தண்ணீர்ப் பகுதிதான் அதிக நேரம் பிடித்தது. ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு அரைக் குதிரைத்திறன், காலையில் இரண்டு மணி நேரம் மட்டும். பதியன் பாத்திக்குத் தெளிப்பான். இது வாத்தியார் யோசனை: கிணற்று உறையின் உள்பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு மோட்டார் ஓடக் கூடாது. மாமா எப்போது வேண்டுமானாலும் வந்து எட்டிப் பார்க்கலாம். இந்தக் கடைசி வரியைக் கேட்டதும்தான் மாமா பேனாவைக் கையில் எடுத்தார்.

அந்த ஐப்பசியில் பழைய தூண்களைப் பிடுங்கி, மூலைக்கு மூலை கயிறு கட்டி, கோட்டில் நட்டோம். தென்கோடிக் கல்லின்மேல் மறுபடி மணல் ஏறாமல் இருக்க, அதைச் சுற்றி ஒரு சிமென்ட் உறை இறக்கி வைத்திருக்கிறோம். சோழகக் காற்று முடிந்ததும் உள்ளே சேரும் மணலை அள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் உட்காரவில்லை. வருகிறார், கிணற்றில் எட்டிப் பார்க்கிறார், "கோட்டுக்கு மேலதான் நிக்கிது தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவர் கிணறு மழைக்காலத்தில் வாயில் வைக்கும்படி இருக்கிறது, பங்குனிக்குமேல் கரிக்கிறது. கூரைத் தண்ணீரை இரண்டு கிணற்றுக்கும் நடுவே மணலில் இறக்க ஒரு குழி வெட்டலாம் என்று காக்கா சொல்லியிருக்கிறார். குழி வரும் இடம் எங்கள் பக்கம் பாதி, மாமா பக்கம் பாதி. வரும் புரட்டாசிக்குள் வெட்டிவிட வேண்டும். செங்கல் சொல்லியாயிற்று.